போர்மன் தந்த அம்புகள்

அம்புகள் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கோல்ஃப் பையில் வந்தன. அண்ணா அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையும் பிடித்தபடி, சிட்னியின் நார்த்மீட் பஸ் தரிப்பிலிருந்து நடந்து வந்தார். நாயைக் கூட்டிக்கொண்டு எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அண்ணா அவளுக்குத் தலையை ஆட்டிச் சிரித்தார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அண்ணா இது?"

"போர்மன் தந்தவர். சும்மா தந்தவர்."

'சும்மா' என்ற சொல்லை நான் இலகுவில் நம்புவதில்லை. அந்த வேலைத்தலத்திலிருந்து சும்மா வந்ததென்றால் அறவே நம்பமாட்டேன்.

அண்ணா கிரான்வில் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர், இயந்திரம் பூட்டித் திருத்துகிறவர்; அங்கே மேற்பார்வை பார்ப்பவர்தான் போர்மன். சேர்ந்த முதல் வருடம் அங்கே இருந்தவர்கள் அவரோடு நேராகப் பேசியதே குறைவு. ஒரு நாள் அவரை ஸ்டோருக்கு அனுப்பி, இடக்கைக்காரருக்கான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவரச் சொன்னார்கள். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை. அண்ணா போய்க் கேட்டார். ஸ்டோர்க்காரன் முகத்தை இறுக்கிவைத்துக்கொண்டு, முடிந்துபோய்விட்டது, அடுத்த வாரம் வரும் என்றான். அடுத்த வாரமும் அண்ணா போய்க் கேட்டார். அவர் அதை வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அண்ணா எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் தகப்பன், ஐயா, ஊரில் பிறருடைய புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தவர், கைநாட்டு. எங்கள் வீட்டில் படித்து ஒரு பட்டம் எடுத்த முதல் ஆள் நான், அதுவும் இரசாயனத்தில். பசை செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. என்னைப் படிக்க வைத்த கை அண்ணாவுடையது. அந்தக் கையில் ஒரு வில்லைக் கொடுத்து, இறகு கிழிந்துபோன அம்புகளையும் கொடுத்து, "லாங் வீக்கெண்டுக்கு எங்களோடு பன்றி வேட்டைக்கு வா" என்று ஒருவன் கூப்பிடுகிறான் என்றால், ஏன் கூப்பிடுகிறான் என்று யோசிக்கவேண்டியது நான்தான். அண்ணா யோசிக்க மாட்டார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவரை ஓர் இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்கு அது போதும்.

"இவ்வளவு நாளும் கதைக்காத ஆக்கள் இப்ப ஏன் வேட்டைக்குக் கூப்பிடினம்?" என்று கேட்டேன்.

"ஒரு மெஷின் நிண்டுபோச்சு. நான் திருத்தினனான். அதுக்குப் பிறகு நல்ல மாதிரி."

"அதுக்கு அம்போ தாறது?"

"எடி, நீ கோர்ட்டிலை நிண்டிருக்க வேண்டியவள்," என்றார் அண்ணா. "போர்மன்ரை சிநேகிதர் ஒருத்தர் செத்துப்போனவராம். அவரின்ரை அம்புகள். பழசுதான். பாத்து, நல்லதை எடுத்து, இறகு ஒட்டிப்போட்டு வரச் சொன்னவர்."

மச்சாள், அண்ணாவின் மனைவி, குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பையை ஹோலுக்குள் வைக்கவேண்டாம், ஷெட்டுக்குள் வையுங்கோ என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை நான் பரமட்டா நூலகத்துக்குப் போய் வில்வித்தை பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். மனிதர் சொல்வதை நம்புவதைவிட அச்சில் இருப்பதை நம்புவது எனக்குப் பழக்கம். மர அம்பு வெடித்திருந்தால் என்ன நடக்கும் என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. நாணை விட்ட கணத்தில் அம்பு முழு அழுத்தத்தையும் வாங்குகிறது. வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் முறிந்து, பின்பாதி முன்னுக்குப் பாய்ந்து, வில்லைப் பிடித்திருக்கும் கையைத் துளைக்கும். படம் போடவில்லை. எனக்குப் படம் தேவைப்படவில்லை. ஃபிட்டரின் இடது கை போனால் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரமே பையைக் கொல்லைப் படியில் கொட்டினேன். அம்புகளில் பழைய தோலும் எலிப்புழுக்கையும் கலந்த மணம். இறகுகளைப் பூச்சி அரித்திருந்தது. சிலவற்றில் கறுத்துக் காய்ந்த இரத்தம். ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளத்துக்கும் பார்த்தேன். பிறகு இரு நுனியிலும் பிடித்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல வளைத்தேன். கொஞ்சம் உருட்டி மறுபடி வளைத்தேன். நல்ல தண்டு சத்தம் போடாமல் வளையும். வெடித்த தண்டு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும். நகத்தை நகத்தால் தட்டியது போல. சத்தம் போடாதவற்றின் மேல் பஞ்சை உருட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு இருந்தால் பஞ்சு அதில் மாட்டும்.

பாதிக்கு மேல் கெட்டவை.

அதில் மூன்று என்னை நிறுத்தின. இந்த அம்புகளில் இறகுக்குக் கீழே அடையாளத்துக்குச் சிவப்பு வளையங்கள் தீட்டியிருந்தார்கள். இந்த மூன்றிலும் வளையம் மற்றவற்றைவிட அகலம். வளைத்தபோது 'டிக்' சத்தம் சரியாக அந்தச் சிவப்புக்கு அடியிலிருந்து வந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே மயிர் போல ஒரு கோடு ஓடியது. வெடிப்பைத் தெரிந்துகொண்டே ஒருவர் அதன் மேல் பெயின்ற் பூசியிருக்கிறார்.

அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"செத்துப்போன மனிசன் வடிவுக்குப் பூசியிருப்பான்," என்றார்.

"பெயின்ற் புதுசு மாதிரிக் கிடக்கு."

"நீ பெயின்ற்ரை முகத்தைப் பாத்து வயசு சொல்லுவியோ?"

"ஓம். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தாறாங்கள்."

அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கெட்ட அம்புகளை ஒவ்வொன்றாகப் படியின் விளிம்பில் வைத்து மிதித்து முறித்தேன். அப்படிச் செய்யவேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. முறிக்காமல் வைத்தால் யாராவது ஒருநாள் எடுத்து நாணில் பூட்டிவிடுவார்கள். சத்தம் கேட்டு அண்ணா ஓடிவந்தார். ஒருத்தர் தந்த பொருளை இப்படிச் செய்துவிட்டால், தான் எந்த முகத்தோடு வேலைக்குப் போவது என்று சத்தம் போட்டார்.

"ரெண்டு கையோடையும் போங்கோ," என்றேன்.

திங்கட்கிழமை அண்ணா புது இறகுகள், ஒட்டுவதற்கான இரும்பு அச்சு, பாதி பிழிந்த ஒரு பசைக் குழாய் எல்லாவற்றையும் கொண்டு வந்தார். அச்சும் பசையும் போர்மன் இரவல் தந்தவை. இறகு வான்கோழியுடையது, பரமட்டாவில் ஒரு கடையில் வாங்கியது. கூடவே ஒரு செய்தியும் வந்தது.

"எல்லாம் இடப்பக்கச் செட்டையின்ரை இறகா இருக்கவேணுமாம். வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் கலக்கக்கூடாதாம்."

எனக்கு உடனே இடக்கை ஸ்க்ரூடிரைவர்தான் ஞாபகம் வந்தது. அண்ணாவுக்கும் வந்திருக்கவேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நான் இறகுகளை மேசையில் அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே பக்கம் சரிந்து வளைந்திருந்தன. எதிர்ப்பக்கம் சரிகிற ஒன்றை இடையில் வைத்தால் சுழலவேண்டிய அம்பு தள்ளாடும் என்பது எனக்கே விளங்கியது. அச்சும் அதே சரிவில் வளைந்திருந்தது. இந்த ஒரு விஷயத்தில் போர்மன் பொய் சொல்லவில்லை. ஒரு விஷயத்தில் பொய் சொல்லாத ஆள் மற்றதிலும் சொல்லமாட்டான் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அன்றிரவு சாப்பிடும்போது மச்சாள் கேட்டாள்:

"இந்த ஒட்டிற வேலையிலை என்ன பெரிய வித்தை? கடிதத்துக்கு முத்திரை ஒட்டிற மாதிரித்தானே?"

எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை யாராவது கேட்டால் நான் சுருக்கமாகச் சொல்வதில்லை. பழைய பசையைக் கத்தியின் முதுகால் சுரண்டவேண்டும், சாண்ட்பேப்பரால் தேய்க்கவேண்டும், ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும், பிறகு விரலால்கூடத் தொடக்கூடாது என்றேன். தோலில் இருக்கிற எண்ணெய் பட்டாலே பசை பிடிக்காது. மேலால் பிடித்த மாதிரி இருக்கும், பிறகு கழன்று வரும்.

"அப்பிடியோ?" என்றாள் மச்சாள். அண்ணாவுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அந்த வருடம் சரஸ்வதி பூசை லாங் வீக்கெண்டுக்கு முந்திய வாரத்தில் வந்தது. சுவாமி அறை என்று எங்களுக்குத் தனியே இல்லை. ஹோலில் ஒரு தட்டில் படங்கள் இருந்தன. அதற்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து, என் புத்தகங்களையும் அண்ணாவின் ஸ்பானர்களையும் அளவுகோல்களையும் வைத்தோம். நான் சுத்தமாகத் துடைத்து, இறகில்லாமல் மொட்டையாக வைத்திருந்த அம்புத் தண்டுகளையும் அண்ணா ஒரு கட்டாகக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுதானே உண்மையான ஆயுதம்," என்றார். "ஸ்பானரை ஆயுதம் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமாப்போச்சு."

பூசைக்கு வைத்ததை அன்று தொடுவதில்லை. அடுத்த நாள் விசயதசமி. எந்த வேலையையும் தொடங்க நல்ல நாள் என்று அண்ணா சொன்னதால், வேலையால் வந்து அன்றே ஒட்டத் தொடங்கினேன். முன்பே துடைத்தவை என்று மறுபடி துடைக்காமல், தண்டை அச்சில் பூட்டி, இறகின் அடியில் பசை கோடிழுத்து, அழுத்தி, காயவிட்டு, தண்டை மூன்றிலொரு பங்கு திருப்பி, அடுத்த இறகு. ஓர் அம்புக்கு மூன்று. வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்தன. சுவரோடு சாய்த்து வைத்துப் பார்த்தபோது வடிவாக இருந்தன. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேலை விட்டு வந்ததும் சோதித்தேன். முதலில் சோதிக்கவேண்டியது இறகின் முன்நுனி. அம்பு போகும்போது வில் பிடித்த கையின் மேலால் உரசிக்கொண்டு போகிறது. இறகின் முன்நுனி கிளம்பியிருந்தால் அந்தக் கூர்க் காம்பு கைச்சதைக்குள் ஊசி மாதிரி இறங்கும். பெருவிரலால் முதலாவது அம்பின் இறகைப் பக்கவாட்டில் தள்ளினேன்.

முழு இறகும் என் விரலோடு வந்துவிட்டது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் இறகு விழவில்லை, முன்நுனி மட்டும் கிளம்பி நின்றது. விழுந்ததைவிட அதுதான் என்னைப் பயப்படுத்தியது. விழுந்தால் தெரியும். கிளம்பி நிற்பது தெரியாது. அடுத்த நாள் விடிய அண்ணா இதைத்தான் நாணில் பூட்டப் போகிறார்.

பசையைச் சந்தேகப்பட்டேன். அதாவது போர்மனைச் சந்தேகப்பட்டேன். பாதி பிழிந்த குழாயை ஏன் தரவேண்டும்? வெடித்த அம்பு, செத்த பசை, அம்பு எய்யத் தெரியாத ஒரு கறுப்பு ஆள், தனிக் காடு. பகிடிக்குச் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பகிடியின் முடிவில் இருப்பது அண்ணாவின் கை. ஆனால் எட்டு மணிநேரமும் பசையோடு இருக்கிறவளுக்கு, குற்றம் சொல்லமுன் சோதிக்கவேண்டும் என்று தெரியும். இரண்டு தீக்குச்சியை எடுத்து அதே பசையால் ஒட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். காய்ந்தபின் இழுத்தேன். குச்சி முறிந்தது, ஒட்டு விடவில்லை.

பசையில் பிழையில்லை.

பிறகு இறகு கழன்ற தண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுத்தமான மரமென்றால் தண்ணீர் பரவி ஊறும். இது மணி போல உருண்டு ஓடி நிலத்தில் விழுந்தது. தண்டை மூக்கில் வைத்தேன். நல்லெண்ணெய்.

அந்தக் காலத்தில் சிட்னியில் நல்லெண்ணெய் வாங்க நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பட்டறையில் யாரிடமும் அது இராது. நார்த்மீட் முழுவதும் தேடினாலும் அந்தப் போத்தல் ஒரே ஒரு குசினியில்தான் இருந்தது.

குசினிக்குள் போனேன். மச்சாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், அந்த அம்புத் தண்டுகளுக்கு எண்ணெய் பூசினது ஆர்?"

"நான்தான்." நிமிராமலே சொன்னாள். "ஆயுதத்துக்கு எண்ணெய் பூசாமலோ பூசைக்கு வைக்கிறது?"

"இரும்புக்குப் பூசலாம். இது மரமெல்லே."

"எனக்கென்ன தெரியும். நான் உம்மைப் போலப் படிச்சனானே?"

திரும்பி ஹோலுக்கு வந்தேன். பூசைக்கு வைத்த ஸ்பானர்கள் இன்னும் துணியிலேயே கிடந்தன. வேலைத்தலத்தில் வேறு ஸ்பானர் இருப்பதால் அண்ணா எடுக்கவில்லை. ஒன்றைத் தூக்கினேன். சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்தது. அதைத் தவிர ஒன்றுமில்லை. வெறும் உலர்ந்த இரும்பு. ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒன்றிலும் எண்ணெய் இல்லை.

ஒரு ஸ்பானரோடு குசினிக்குத் திரும்பிப் போனேன்.

"இதுக்குப் பூசேல்லையே, மச்சாள்."

கத்தி நின்றது. அவள் அடுப்பை அணைத்தாள். அடுப்பில் அப்போது ஒன்றும் வைக்கவில்லை. கொதிக்கவைத்த எண்ணெய்ச் சட்டிகூட இல்லை. சும்மா எரிந்துகொண்டிருந்த நெருப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"மூண்டாம் மாசம்," என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் வயிற்றில் கை வைத்த பிறகுதான் விளங்கியது. இங்கே வந்த புதிதில் அவளுக்கு ஒருமுறை தங்கி, எல்லோருக்கும் கடிதம் எழுதி, பிறகு கலைந்துபோனது எனக்குத் தெரியும். இந்த முறை அண்ணாவுக்குக்கூட அவள் சொல்லவில்லை.

"வயித்திலை பிள்ளை இருக்கேக்கை தகப்பன் உயிர் கொல்லக்கூடாது. அது உமக்கும் தெரியும். என்னெண்டு நான் மறிக்கிறது? மறிச்சால் ஏனெண்டு கேப்பார். சொன்னால் போன முறை மாதிரி…" வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்தாள்; அதனால் இன்னும் கண்ணீர் வந்தது. "இறகு விழுந்தால் அம்பு போகாது, இவரும் போகமாட்டார் எண்டு நினைச்சன்."

"அம்பு போகும், மச்சாள். கைக்குள்ளாலை போகும்."

இறகு கிளம்பி நின்ற அந்த அம்பை எடுத்துவந்து, அவள் கைக்கு நேரே பிடித்துக் காட்டினேன். வில்லை எப்படிப் பிடிப்பது, அம்பு எந்த இடத்தால் உரசும், அந்தக் கூர் எங்கே இறங்கும் என்று பெருவிரலின் அடியில் வைத்து லேசாக அழுத்தினேன். அவள் கையைப் பறித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "சத்தியமாத் தெரியாது."

இதை மட்டும் நான் நம்பினேன்.

"நீர் அண்ணாட்டைச் சொல்லும். நான் சொல்லமாட்டன். ஆனால் அவர் படுக்கப் போகமுன்னம் சொல்லவேணும்."

"சொன்னால் இவர் போகாமல் நிண்டிடுவார். பிறகு அவங்கள் பழையபடி இவரோடை கதைக்காமல் விட்டாலோ?"

அதுவும் உண்மை. ஸ்பிரிட் போத்தலை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் மேசைக்கு ஒரு பக்கத்தில் இருந்து தண்டுகளைத் துடைத்தாள், நான் மறுபக்கத்தில் இருந்து ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் நேரமில்லை. ஆறு அம்பு மட்டும் முடித்தேன். ஏன் ஒட்டினாய் என்று கேட்டால், யார் கொண்டுபோனாலும் நான் ஒட்டிய இறகு ஒருவன் கையைக் கிழித்தது என்று யாரும் சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

அண்ணா வந்து குளித்துவிட்டு அறைக்குள் போனார். மச்சாளும் போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டுச் சுவர் பைப்ரோ என்கிற மெல்லிய சிமெந்துப் பலகை. கேட்கக்கூடாது என்று நினைத்தாலும் கேட்கும். நான் நினைக்கவுமில்லை. மச்சாளின் குரல் நெடுநேரம் கேட்டது. அண்ணாவின் குரல் கேட்கவேயில்லை. பிறகு அவர் வெளியே வந்து கதிரையில் இருந்தார். முகம் கழுவியிருந்தார்.

"உனக்கும் தெரியுமோ?"

"இண்டைக்குத்தான்."

"இந்த வீட்டிலை எனக்குத்தான் எல்லாம் கடைசியாத் தெரியவரும்," என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினார். பிறகு அது போய்விட்டது. "நாளைக்கு விடிய அவங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"உள்ளதைச் சொன்னால் சிரிப்பாங்கள்."

விடியற்காலையில் போர்மனின் ஸ்டேஷன் வேகன் வந்து நின்றது. உள்ளே இன்னும் இரண்டு பேர். நான் அந்த மனிதரை அன்றுதான் முதல்முதலில் பார்த்தேன். காதில் மயிர், கட்டைக் காற்சட்டை, குளிருக்கும் பயப்படாத முழங்கால்கள். அண்ணா வேலியடியில் நின்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். என் மனைவி, பிள்ளை, எங்கள் வழக்கம், கொல்லக்கூடாது. சொல்லச் சொல்ல அவர் குரல் சின்னதாகிக்கொண்டு போனது. நான் படியில் நின்று காருக்குள் இருந்த இரண்டு முகங்களையும் பார்த்தேன். ஒருவன் மற்றவனுக்கு என்னவோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். பிள்ளைக்காகச் சிரித்தார்களா, வழக்கத்துக்காகச் சிரித்தார்களா, எனக்குக் கேட்கவில்லை.

போர்மன் சிரிக்கவில்லை. போன முறை தாங்கள் மூன்று நாளும் டின் பீன்ஸ்தான் தின்றோம், கொல்லாதவன் சமைக்கலாம்தானே என்றார்.

அண்ணா திரும்பி மச்சாளைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மச்சாள் வாசலில் நின்று. "சமைக்கிறதெண்டால் போயிட்டு வாங்கோ." சொல்லிவிட்டு உள்ளே ஓடி, பெரிய சட்டியையும் மிளகாய்த்தூள் போத்தலையும் கொண்டுவந்தாள்.

நான் ஆறு அம்புகளையும் போர்மனிடம் கொடுத்தேன். அவர் எண்ணாமலே, மிச்சம் எங்கே என்றார்.

"முறித்துவிட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "வெடித்திருந்தன. சிலவற்றின் மேல் பெயின்ற் பூசியிருந்தார்கள்." சொல்லும்போது அவர் முகத்தைவிட்டு என் கண்ணை எடுக்கவில்லை.

"குட்," என்றார். தெரிந்துகொண்டு சொன்ன 'குட்'டா, தெரியாமல் சொன்னதா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணாவைக் கேட்டால் நல்ல மனிசன் என்பார். அண்ணாவுக்கு எல்லோரும் நல்ல மனிசர்.

"ஒட்டியது யார்?"

"நான்."

அவர் அம்புகளைக் காரின் முன்பக்கத்தில் பரப்பி, ஒவ்வொன்றின் இறகையும் பெருவிரலால் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு தண்டையும் காதில் வைத்து வளைத்தார். என் முன்னாலேயே செய்தார். உள்ளே இருந்தவர்கள் ஹோர்ன் அடித்தும் அவர் அவசரப்படவில்லை. நான் நம்பாத மனிதர் என்னையும் நம்பவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஒரு இறகும் அசையவில்லை.

அண்ணா சட்டியைக் காரில் ஏற்றினார். பிறகு, திருப்பிக் கொடுப்பதற்கு என்று சொல்லிக்கொண்டு, நாண் பூட்டாமல் உறைக்குள் வைத்திருந்த வில்லையும் ஏற்றினார். ஏற்றும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

கார் முடக்கால் திரும்பும் வரை மச்சாள் கையசைத்தாள்.

"இவர் தொடமாட்டார்தானே?" என்றாள். "வில் கிட்டக் கிடந்தால், அவங்களும் ஒருக்கா எண்டு கேட்டால், இவர் மாட்டன் எண்டு சொல்லுவாரோ? நீர் என்ன நினைக்கிறீர்?"

"சொல்லமாட்டார்," என்றேன். "உம்மடை மனிசனை எனக்குத் தெரியும்."

அவள் முகம் மாறியது. நான் கார்டிகன் பொக்கற்றுக்குள் இருந்து, மெழுகு பூசிய அந்த வில்லின் நாணை வெளியே எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவங்களிட்டை வேறை நாண் இராதோ?"

"இருக்கும். அந்த வில்லுக்கு அளவு சேராது. நேற்றே வில்லை அளந்து, புத்தகத்திலை இருக்கிற அளவுகளோடை பாத்திட்டன்."

"பொல்லாத மனிசி," என்றாள் மச்சாள். நாணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.